துணிச்சுவருக்குள் ஓர் ஓட்டல் அறை: சொகுசுக் கூடாரங்கள் ஏமாற்றுவது எங்கே?

கேட்கப்பட்டது இதுதான். குடும்பமாக நான்கு பேர், ‘கிளாம்பிங்’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட சொகுசுக் கூடார முகாம் ஒன்றில் இரண்டு இரவு தங்கியிருக்கிறார்கள். நல்ல ஓட்டல் அறைக்குக் கொடுக்கும் வாடகை. மழையே பெய்யாமல் விடியற்காலையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கிறது, போர்வையெல்லாம் ஈரம். பக்கத்துக் கூடாரத்துப் பேச்சு நள்ளிரவு தாண்டியும் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. வெந்நீர், முதலில் குளித்தவரோடு தீர்ந்துவிட்டது. நிர்வாகியிடம் சொன்னதற்கு, “இயற்கையோடு தங்க வந்தால் கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும்” என்று பதில். ஏமாற்றப்பட்டோமா, அல்லது நாங்கள்தான் அளவுக்கு மீறி எதிர்பார்த்துவிட்டோமா, அடுத்த முறை எதைப் பார்த்து முடிவு செய்வது என்பது கேள்வி.

இப்படிப்பட்ட முகாம்களுக்குக் கூடாரம் அமைப்பதும், பழுது பார்ப்பதும், விருந்தினர் திட்டிவிட்டுப் போன பிறகு எங்கே கோளாறு என்று போய்ப் பார்ப்பதும் என் வேலை. அதனால் நடத்துபவர்களின் சிரமமும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த “அனுசரித்துப் போங்கள்” என்ற பதிலைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. மூன்று வெவ்வேறு குறைகளை ஒரே மூட்டையாகக் கட்டி இயற்கையின் தலையில் ஏற்றிவிட்டார் மனிதர். துணியின் குணத்தால் வருவது ஒன்று. அந்தக் குணம் தெரிந்திருந்தும் அதற்கு ஏற்பாடு செய்யாததால் வருவது இன்னொன்று. வெறும் கஞ்சத்தனத்தால் வருவது மூன்றாவது. முதலாவதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மற்ற இரண்டுக்கும் தாராளமாகச் சொல்லலாம்.

சொட்டிய தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கூடாரத்தைப் பற்றிய பாதிப் பாடம் அதில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. உள்ளே படுத்திருந்தவர்களின் மூச்சிலிருந்து வந்தது. தூங்கும் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை ஆவியாக வெளியே விடுகிறார். நான்கு பேர், எட்டு மணி நேரம் என்றால் ஒரு லிட்டரைத் தாண்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் ஒன்பது கிராம் சொச்சம்தான் தாங்கும். 5 மீட்டர் விட்டமுள்ள வழக்கமான மணி வடிவக் கூடாரத்துக்குள் இருப்பது ஏறத்தாழ 27 கன மீட்டர் காற்று. கணக்குப் போட்டால், குளிர்ந்த விடியற்காலையில் அந்தக் கூடாரத்துக் காற்று மொத்தமும் சேர்ந்து தாங்கக்கூடிய ஈரம் கால் லிட்டர். மீதி சுமார் ஒரு லிட்டருக்கு வெளியே போக வழியிருந்தால் போகும். இல்லையென்றால் கூரையின் உட்புறத்தில் படிந்து, திரண்டு, உங்கள் நெற்றியில் விழும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேகமற்ற இரவில் கூரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழக்கிறது. அதனால் துணி சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. பனித்துளி படிவதற்கு அதைவிட வசதியான பரப்பு கிடையாது. நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவில்தான் கூடாரம் அதிகமாகச் சொட்டும். விளம்பரப் படம் எடுப்பதும் அதே மாதிரி இரவில்தான்.

இதெல்லாம் துணியின் குணம், சரி. ஆனால் இதற்கு மாற்று கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி சிப்லி 1856-இல் காப்புரிமை பெற்ற கூம்புக் கூடாரத்தின் உச்சியிலேயே காற்றும் புகையும் வெளியேறத் திறப்பு வைத்திருந்தார். உள்ளே அடுப்பு வைத்துச் சிப்பாய்கள் சுற்றிப் படுக்க வேண்டும் என்பதால் அது இல்லாமல் முடியாது. இன்று பல முகாம்களில் நிற்கும் மணி வடிவக் கூடாரங்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. உச்சியில் ஒரு திறப்பும் தரையை ஒட்டி ஒரு திறப்பும் இருந்தால், சூடான ஈரக்காற்று மேலே போக, உலர்ந்த காற்று கீழே நுழையும். இரண்டில் ஒன்றை மூடினால் இன்னொன்றால் பெரிய பயனில்லை. குளிரடிக்கிறது என்று விருந்தினரே இரண்டையும் இழுத்து மூடிவிடுவதும் நடக்கிறது. “இந்த ஜன்னலை மட்டும் மூடாதீர்கள், போர்வை வேண்டுமானால் இன்னொன்று தருகிறேன்” என்று சொல்லத் தெரிந்த ஊழியர் ஒருவர் இருந்தாலே பாதிப் புகார் வராது.

திறப்புகளை விடவும் முக்கியமானது இரட்டைக் கூரை. கூடாரத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் இன்னொரு துணி விரித்திருந்தால், இரவுக் குளிரையும் பகல் வெயிலையும் மேல்துணி வாங்கிக்கொள்ளும். உள்துணி அவ்வளவாகக் குளிராது, சொட்டாது. துணிச் செலவு கூடும் என்பதால்தான் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். பருத்தி கான்வாஸ் ஓரளவு ஆவியை வெளியே விடும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பூசிய துணி ஆவியைத் துளிகூட வெளியே விடாது. குவிமாடக் கூடாரங்கள் பெரும்பாலும் அந்தத் துணிதான். கூடாரம் எங்கே நிற்கிறது என்பதும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரைப் பள்ளத்தில் நிற்கும் கூடாரம் படத்தில் அழகாக இருக்கும். அதே நிலத்தில் பத்தடி மேலே நிற்பதைவிட ஈரமாகவும் இருக்கும்.

ஆகவே உங்கள் கூடாரத்தில் ஒற்றைக் கூரை, உச்சித் திறப்பு கிடையாது, கட்டிலைத் துணிச்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள் என்றால் அது இயற்கையின் வேலை அல்ல. ஒட்டிப் போட்ட மெத்தை, சுவரில் வழிந்த நீரைத் திரி போல உறிஞ்சிக்கொள்ளும். முழங்கை அளவு நகர்த்திப் போட்டிருந்தால் போர்வையாவது தப்பித்திருக்கும்.

போனவுடன் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கட்டிலின் மேல்விரிப்பையும் துண்டில் மடித்த அன்னப்பறவையையும் ரசிப்பதற்கு முன்னால், குனிந்து துணிச்சுவர் தரையோடு சேரும் தையல் ஓரத்தைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரத்தோடு மடித்து வைத்திருக்கிறார்கள், அல்லது காலையில் திறந்து காயவிடும் பழக்கமே இல்லை. விரலால் தேய்த்தால் போகாது, நார் வரைக்கும் இறங்கியிருக்கும். பிறகு தலையணையை முகர்ந்து பாருங்கள். வாசனைத் திரவம் பலமாக அடித்திருந்தால் அதற்கடியில் என்ன மறைந்திருக்கிறது என்று யோசிக்க வேண்டியதுதான். வேறு கூடாரம் கேட்க வேண்டிய நேரம் அதுவே. பெட்டியைப் பிரித்துப் பரப்பிய பிறகு அல்ல.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். புத்தம்புதுப் பருத்திக் கான்வாஸ் முதல் மழையில் தையல் வழியாகக் கொஞ்சம் கசியும். நனைந்து நூல் உப்பினால்தான் தையல் துளைகள் அடைபடும். அதற்காகவே விருந்தினர் வருவதற்கு முன் கூடாரத்தை ஒன்றிரண்டு முறை நன்றாக நனைத்துக் காயவைப்போம். திறப்பு விழா அவசரத்தில் அதைச் செய்யாத முகாமில், முதல் மழைக்கு வந்தவர்கள் பலிகடா ஆகிறார்கள்.

பகல் வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒளி ஊடுருவும் பெரிய ஜன்னல் கொண்ட குவிமாடம், வெயில் திசையைப் பார்த்து நின்றால், காலை பத்து மணிக்கே உள்ளே இருக்க முடியாது. ‘குளிர்சாதன வசதி உண்டு’ என்று போட்டிருப்பதை நம்பிப் போகாதீர்கள். துணிக்கு வெப்பத்தைத் தடுக்கும் திறன் அநேகமாக இல்லை என்பதால், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் காற்று படும் இடம் மட்டும் குளிரும். மர நிழல் உண்டா, இரட்டைக் கூரை உண்டா என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

அடுத்து ஓசை. ஒரு சுவர் ஓசையைத் தடுப்பது பெரும்பாலும் அதன் எடையால். எடை இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் (ஓசையை அளக்கும் அலகு) கூடுதலாகத் தடுக்கும் என்பது ஒலியியலில் பொதுவான கணக்கு. செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டும். கூடாரக் கான்வாஸ் அரைக் கிலோ கூட இருக்காது. ஆகவே துணியிடம் ஓசைத் தடுப்பை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. அது சில டெசிபல்களைத்தான் குறைக்கும். இங்கே சுவரின் வேலையைச் செய்ய வேண்டியது தூரம்.

இருவர் சாதாரணமாகப் பேசுவது ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 5 மீட்டரில் 46, 20 மீட்டரில் 34. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதாவது, இரண்டு கூடாரங்களுக்கு நடுவே 20 மீட்டர் விட்டிருந்தால், துணி குறைக்கும் சிறு அளவையும் சேர்த்து, பக்கத்தில் இருப்பவர்கள் இயல்பாகப் பேசினாலும் நீங்கள் தூங்கலாம். 5 மீட்டரில் நட்டிருந்தால் அவர்கள் என்ன படித்தார்கள், யாரோடு மனஸ்தாபம் என்பது வரை உங்களுக்குத் தெரிந்துவிடும். நடுவே புதர் வேலி வைத்திருப்பதைக் காட்டி ‘தனிமை’ என்று சொல்வார்கள். புதர் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது.

எனவே இந்தக் குறையில் பாதி துணியினுடையது, மீதி இட அமைப்பைத் தீர்மானித்தவருடையது. ஒரே நிலத்தில் எட்டுக் கூடாரம் போடலாமா, இருபது போடலாமா என்ற முடிவை எடுத்தபோதே உங்கள் தூக்கமும் முடிவாகிவிட்டது. நெருக்கமாகப் போட்டவர்களுக்கும் ஒரு வழி மிச்சம் இருந்தது: இரவு பத்து மணிக்கு மேல் அமைதி என்ற விதியை வைத்து, ஊழியர் ஒருவர் போய்ப் பணிவாகச் சொல்வது. அதுவும் செய்யவில்லை என்றால் குற்றம் உங்கள் பக்கத்துக் கூடாரத்துக்காரர்களுடையது என்று நான் சொல்ல மாட்டேன். விடுமுறைக்கு வந்தவர்கள் பேசத்தான் செய்வார்கள்.

குவிமாடக் கூடாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு; இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954-இல் காப்புரிமை பெற்ற முக்கோணச் சட்டகக் குவிமாடம், குறைந்த பொருளில் அதிக இடத்தை மூடும் அருமையான வடிவம். ஆனால் வளைந்த உட்பரப்பு ஓசையைத் திருப்பி ஒரு பக்கமாகக் குவிக்கும். ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர்ப் பக்கத்தில் காதருகே கேட்கும். குறட்டை விடுபவர் குடும்பத்தில் இருந்தால் குவிமாடத்தைத் தவிர்ப்பது இல்லற நலனுக்கு உகந்தது.

வெந்நீர் விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அது துணிக்கும் இயற்கைக்கும் சம்பந்தமில்லாத, சுத்தமான கஞ்சத்தனம், அல்லது மின்சாரத் திட்டமிடல் இல்லாமை. பல முகாம்களின் குளியலறையில் மாட்டியிருப்பது 15 லிட்டர் கீசர். 60 டிகிரி வெந்நீர் 15 லிட்டரை 20 டிகிரி தண்ணீரோடு கலந்து, குளிக்க இதமான 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 30 லிட்டர் கிடைக்கும். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் போனால் நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது கதை. 2 கிலோவாட் சூடேற்றி அதைத் திரும்பச் சூடாக்க இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நான்கு பேர் வரிசையாகக் குளித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் அந்த நேரம் முழுவதும் மின்சாரம் தடையில்லாமல் வந்தால். சூரியசக்தியில் சேமித்த பேட்டரியை நம்பி ஓடும் முகாமில் இரவு நேரத்தில் கீசரையே நிறுத்தி வைப்பதுண்டு. நான்கு பேருக்கு வாடகை வாங்குகிறவர் நான்கு பேருக்கான வெந்நீரைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இதற்கு மேல் இதில் வாதம் இல்லை.

‘நான்கு பேருக்கு’ என்பதே தனிச் சங்கதி. 5 மீட்டர் விட்டமுள்ள மணி வடிவக் கூடாரத்தின் தரைப் பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர மீட்டர். கேட்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் நடுவில் 3 மீட்டர் உயரமும் ஓரத்தில் 60 செ.மீ. உயரமும் இருந்தால், சராசரி உயரமுள்ள ஒருவர் தலை இடிக்காமல் நிற்கக்கூடிய இடம் நடுக்கம்பத்தைச் சுற்றி இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வட்டம் மட்டுமே. அது மொத்தத்தில் கால் பங்கு. அந்த வட்டத்தில் இரட்டைக் கட்டிலின் பாதியும் வந்து நிற்கும். நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுந்து உடை மாற்ற நினைத்தால் யாராவது இருவர் குனிந்தே நிற்க வேண்டும். பெரியவர்களோடு போகும்போது இது விளையாட்டு இல்லை. முழங்கால் வலியுள்ள ஒருவர் இரவில் மூன்று முறை குனிந்து வெளியே வருவதை நினைத்துப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். கழிப்பறை கூடாரத்தோடு ஒட்டியிருக்கிறதா, எத்தனை அடி நடக்க வேண்டும், வழியில் விளக்கு உண்டா என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

பூச்சிகளைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. காட்டோரம் போனால் பூச்சி இருக்கும், அதைக் குறையாகச் சொல்ல முடியாது. கிழிந்த கொசுவலையையும், முழுதாக மூடாத ஜிப்பையும், தரைக்கும் துணிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியையும் சொல்லலாம். உணவைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள் என்று சொல்லாத முகாமை நான் நம்பமாட்டேன். எறும்பில் தொடங்கி எது வரை வரும் என்பது அந்த இடத்தைப் பொறுத்தது.

இத்தனையும் ஏன் இவ்வளவு பரவலாக நடக்கிறது? கூடாரச் சொகுசு புதிய யோசனை இல்லை. 1520-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியும் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவாவும் சந்தித்த இடம், பொன்னிழைத் துணியால் ஆன கூடாரங்களாலேயே பெயர் பெற்றது. முகலாயப் பேரரசர்கள் பயணத்தில் இரண்டு தொகுதிக் கூடாரங்கள் வைத்திருந்தார்கள்; அரசர் ஒன்றில் தங்கியிருக்கும்போதே மற்றொன்று அடுத்த தங்குமிடத்துக்குப் போய், விரித்துத் தயாராக நிற்கும். அங்கே சொகுசைத் தந்தது துணியை விட ஆட்கள்தான். கூடாரம் அடிப்பவர், கட்டுபவர், காயவைப்பவர், காவலிருப்பவர் என்று ஒரு படையே இருந்தது. இன்று முதலீடு செய்கிறவர் பலர் கூடாரத்தை மலிவான கட்டடமாகப் பார்க்கிறார்கள். கட்டடத்தைவிடக் குறைந்த செலவு, சீக்கிரம் எழுப்பிவிடலாம். அவர்கள் போடாத கணக்கு, துணி கட்டடத்தைவிட அதிக ஆள் கேட்கும் என்பது. தினமும் திறந்து காயவைக்க வேண்டும், கயிற்றின் இறுக்கம் பார்க்க வேண்டும், பூஞ்சையைத் துடைக்க வேண்டும், சில வருடங்களில் வெயிலில் நைந்துபோகும் துணியை மாற்றவும் வேண்டும். ஓட்டல் அறையை இரண்டு மாதம் பூட்டி வைத்தால் தூசிதான் படியும். கூடாரத்தை மழைக்காலத்தில் அப்படிப் பூட்டி வைத்தால் அந்தத் துணியோடு மெத்தையும் போய்விடும்.

அதனால் திறந்து சில மாதங்கள் வரை எந்த முகாமும் நன்றாகத்தான் இருக்கும். விளம்பரப் படங்களும் அந்த மாதங்களில் எடுத்தவையே. அந்திநேரத்தில், உள்ளே விளக்கைப் போட்டு, அகன்ற கோண லென்ஸில், பக்கத்துக் கூடாரங்கள் சட்டகத்துக்குள் வராமல் எடுத்திருப்பார்கள். அந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை: உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டுமாக இருக்கும்போது மெல்லிய கூடாரத் துணி திரையாகிவிடும். உள்ளே உடை மாற்றுகிறவரின் நிழல் வெளியே நிற்பவருக்குத் துல்லியமாகத் தெரியும். உள்திரை இல்லாத கூடாரத்தில் விளக்கை அணைத்துவிட்டு உடை மாற்றுங்கள்.

முன்பதிவுக்கு முன் நான் செய்யச் சொல்வது சில வேலைகள். முகாமின் படங்களை ஒதுக்கிவிட்டு, விருந்தினர் எடுத்துப் போட்ட படங்களில் அண்மையில் எடுத்தவற்றை மட்டும் பாருங்கள். விமர்சனங்களை நட்சத்திர எண்ணிக்கையால் பார்க்காமல் மாதத்தால் பாருங்கள். நீங்கள் போகப்போகும் அதே பருவத்தில் போனவர்கள் என்ன எழுதினார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் கொடுத்தவர்கள் உணர்ச்சிவசப்பட்டிருப்பார்கள். மூன்று கொடுத்தவர்கள் விவரம் எழுதியிருப்பார்கள். ஒரே குறை வெவ்வேறு மாதங்களில் திரும்பத் திரும்ப வந்தால் அது தற்செயல் இல்லை. அந்தக் குறைகளுக்கு நிர்வாகி எழுதிய பதிலையும் படியுங்கள். ‘உச்சித் திறப்பு வைத்துவிட்டோம்’ என்று எழுதுகிறவரும் ‘இயற்கையை ரசிக்கத் தெரியாதவர்கள் வர வேண்டாம்’ என்று எழுதுகிறவரும் ஒன்றல்ல. செயற்கைக்கோள் வரைபடத்தில் இடத்தைத் தேடினால் கூடாரங்களின் எண்ணிக்கை, நடுவே உள்ள தூரம், பின்னால் போகும் நெடுஞ்சாலை எல்லாம் தெரிந்துவிடும். படம் பழையதாக இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிறகு தொலைபேசியில் அழைத்து, ஆம்-இல்லை என்று முடியாத கேள்விகளைக் கேளுங்கள். “வெந்நீர் உண்டா?” என்றால் உண்டு என்பார்கள். “கீசர் எத்தனை லிட்டர், கூடாரத்துக்கு ஒன்றா, பொதுவா, எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்?” என்று கேளுங்கள். “பக்கத்துக் கூடாரம் எத்தனை மீட்டர்? ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? கூரை ஒற்றையா, இரட்டையா? பலத்த காற்றடித்தால் எங்களை எங்கே தங்கவைப்பீர்கள்?” தெரிந்து நடத்துகிறவர் உடனே பதில் சொல்வார், சிலர் சந்தோஷமாகவே சொல்வார்கள். கடைசிக் கேள்விக்கு “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் விளையாட்டுக்குச் சேர்க்கவில்லை. ஈரப் போர்வையும் ஆறிய வெந்நீரும் கோபத்தோடு போகும். உயிரோடு விளையாடுபவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, குளிருக்காகக் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் வைப்பது. வெளியே எரிந்து முடிந்து, தணல் மட்டும் இருக்கிறது, புகையே இல்லை என்று உள்ளே எடுத்து வருவார்கள். ஊழியர்களே ‘கதகதப்பாக இருக்கும்’ என்று கொண்டுவந்து கொடுத்ததையும் கண்டிருக்கிறேன். அந்தத் தணல் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பற்றும் இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இது பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. திறப்புகள் திறந்திருந்தாலும் கூடாரத்துக்குள் புகைபோக்கி இல்லாத எந்த அடுப்பும், எந்தத் தணலும் கூடாது. புகைபோக்கியோடு முறையாகப் பொருத்திய அடுப்பு இருந்தால்கூட, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றது இடி. கூடாரம் மின்னலிலிருந்து எந்தப் பாதுகாப்பும் தராது. நடுக்கம்பம் உலோகமாக இருந்தால் இன்னும் மோசம். இடி கேட்டவுடன் கட்டடத்துக்கோ உலோகக் கூரையுள்ள காருக்கோ போய்விட வேண்டும், தனி மரத்தடிக்கு அல்ல. முகாமில் கட்டடம் என்று ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

இனி உங்கள் வழக்குக்கு வருகிறேன். வெந்நீருக்குப் பணம் கேட்கலாம்: நான்கு பேருக்கு விற்ற சேவை ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஈரப் படுக்கைக்கும் கேட்கலாம், அதற்கு உச்சித் திறப்பு இல்லாததையோ ஒற்றைக் கூரையையோ காட்டும் படம் இருந்தால் நல்லது. முதல் இரவு நனைந்த பிறகு நீங்கள் சொல்லியும் இரண்டாம் இரவு மெத்தையை மாற்றவில்லை என்றால் வாதம் இன்னும் வலுவாகும். பேச்சுச் சத்தத்துக்குப் பணம் திரும்புவது கடினம். விளம்பரத்தில் ‘தனிமையான’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை உடனே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் போன பிறகு வாசகங்கள் மாறிவிடும். முன்பதிவுத் தளம் வழியாகப் போயிருந்தால், முகாமோடு பேசிய பேச்சையும் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் வையுங்கள். தளங்கள் பெரும்பாலும் புகாருக்கு மிகக் குறுகிய காலக்கெடு வைத்திருக்கின்றன. முழு வாடகையையும் கேட்டால் பேச்சு அறுந்துபோகும். ஓர் இரவு வாடகையைக் கேளுங்கள், காரணத்தை நான்கு வரியில் எழுதுங்கள், கோபத்தை எழுதாதீர்கள்.

விமர்சனம் எழுதுவதாக இருந்தால் ‘மோசமான இடம்’ என்று எழுதி விட்டுவிடாதீர்கள். எந்த மாதம், எத்தனையாம் எண் கூடாரம், கூரை எப்படி, பக்கத்துக் கூடாரம் எத்தனை அடி, கீசர் எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள். அடுத்து முன்பதிவு செய்ய இருப்பவருக்குத் தேவைப்படுவது அந்த விவரங்கள்தான். நிர்வாகியும் அவற்றை “இயற்கைதானே” என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.